திருச்சி டூ சிங்கப்பூர்: நாலு மணி நேரம்னு சொல்றாங்களே, அது யாருக்கு?

திருச்சிலேர்ந்து சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுக்கு நேர்கோட்டுல சுமார் 2,980 கி.மீ., பறக்குற நேரம் நாலு மணி நேரத்த ஒட்டி வரும். யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. ஆனா எங்க திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆளுங்களுக்கு மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர், வல்லம்னு சுத்தி ஏர்போர்ட் போய்ச் சேரவே 120 கி.மீ. கிட்ட ஆயிடும், வேன்ல மூணு மணி நேரம், அறுப்பு சமயம்னா பாதி ரோட்டுல நெல்லு காயப் போட்டிருப்பாங்க, இன்னும் ஒரு அரை மணி நேரம் சேத்துக்குங்க. ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடணும் வேற. ஆக ஆகாசத்துல நாலுன்னா தரையில ஆறு.

தம்பி அங்க வேலை பாக்குறான், அவனப் பாக்கத்தான் போனேன். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம், எங்க பக்கம் அப்படித்தான். ஏர்போர்ட் வாசல்ல பெட்டிய மறுபடி தொறந்து, கருவாடு பொட்டலத்துக்கு மேல இன்னொரு பாலித்தீன் கவர் சுத்தி, "முறுக்க மேல வைடா, அடியில வச்சா தூளாயிடும்"னு சித்தி அதட்டல். 2024 ஜூன்லேர்ந்து புது டெர்மினல்தான், நல்லா விசாலமா கட்டியிருக்காங்க, ஆனா சனங்க நிக்கிறது என்னவோ வாசல்லதான்.

இப்ப வேடிக்கைய கேளுங்க. மேப்ல திருச்சிக்கும் சாங்கிக்கும் ஒரு கோடு போட்டுப் பாத்தா அது திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல பூந்து, வேதாரண்யத்துக்கு மேலயே போய் கடல்ல எறங்குது! மேற்க மூணு மணி நேரம் போயி, செக்யூரிட்டி இமிகிரேஷன்னு எல்லாம் முடிச்சு, ஏறுன கால் மணி நேரத்துல நம்ம வீட்டு பக்கமே திரும்பி வந்துடுறோம். பகல் ஃப்ளைட்டுன்னா வலது பக்க ஜன்னல் கேளுங்க. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கரும்பச்சையா தெரியும், கொஞ்ச நேரத்துல வேதாரண்யம் உப்பளம் கட்டம் கட்டமா வெள்ளையா, அப்புறம் வங்காள விரிகுடாதான், பாக்க ஒண்ணும் இல்ல, தூங்கிடலாம்.

தாத்தா காலத்து ஆளுங்க நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு வழியா நாள் கணக்கா போனாங்க. அப்புறம் எம்.வி. சிதம்பரம்னு ஒரு கப்பல் ஓடுச்சு, 1985ல நடுக்கடல்ல தீப்பிடிச்சதோட அதுவும் போச்சு. தூரம்னு பாத்தா நாகப்பட்டினம்தான் நமக்கு சரி, அரை நாள்ல துறைமுகத்துக்குப் போய் வந்துடலாம்.

மொத தடவ போறவங்களுக்கு ஒண்ணு: டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க காலைல பதினொண்ணுக்கு கிளம்புனா அங்க எறங்கும்போது மணி அஞ்சரை, "ஆறரை மணி நேரமா?"ன்னு பயந்துடாதீங்க. திரும்பி வரப்ப பத்துக்கு ஏறுனா பதினொன்றரைக்கெல்லாம் திருச்சி, ஒன்றரை மணி நேரத்துல வந்த மாதிரி ஒரு பந்தா.

திருச்சி வரைக்கும் போகாம தஞ்சாவூர்லேர்ந்தே ஏறலாமேன்னு கேப்பீங்க. அங்க 2013லேர்ந்து விமானப்படை தளம் இருக்கு, சுகோய் போர் விமானம் வேற நிக்குது. அங்க பயணிகள் விமானம் வந்தாலும் சிங்கப்பூருக்கு உடனே விடப் போறதில்ல, சென்னைக்குத்தான் விடுவாங்க, அதுக்கு மன்னார்குடிலேர்ந்து போற மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலே போதும் எனக்கு.