மண்ணுக்குள் மறந்த பூண்டு

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, பாட்டி."

சென்ற அறுவடை முடிந்த மறுநாள் இப்படிச் சொன்னேன். கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில், குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கீழே, எங்களுக்கு 40 சென்ட் படிக்கட்டு நிலம் இருக்கிறது. மலைப்பூண்டைப் பிடுங்கிக் கட்டுக் கட்டிப் பரணில் தொங்கவிட்டாயிற்று. கடைசிப் படியில் ஒரு மூதாட்டி குந்தியபடி விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். மடியில் ஏழெட்டுப் பூண்டு. என் குரல் கேட்டதும் மடியை அவிழ்த்து அத்தனையையும் மண்ணிலேயே கொட்டினார். "பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் எடுக்கவில்லை. வரப்போரமாக நடந்து போய்விட்டார்.

நான் அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்த ஏழெட்டுப் பூண்டும் பல நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தன.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். குளிர்கால இரவுகளில் மிஷ்னாவை வாசித்துவந்தேன். யூத மத அறிஞர்களான ரபிமார்கள் வாய்மொழியாகக் காத்துவந்த சட்டங்களின் தொகுப்பு அது, கி.பி. 200 வாக்கில் உருப்பெற்றது. அதில் 'பேஆ' என்ற பகுதி, விளைச்சலில் ஏழைகளுக்கு உரிய பங்கைப் பேசுகிறது. பேஆ என்றால் வயலின் ஓரம். அதை முற்றும் அறுக்காதே என்று பைபிளின் லேவியராகமம் சொல்கிறது. எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. 60ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. எங்கள் நிலத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன், ஒரு சென்ட்கூட வரவில்லை.

என்னை நிறுத்தியது மறதி பற்றிய சட்டம். வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது பைபிளின் உபாகமம். இந்தக் கட்டளையை வேண்டுமென்றே நிறைவேற்ற முடியாது. உண்மையாகவே மறந்திருக்க வேண்டும். உரிமையாளர், வேலையாள் இருவருமே மறந்திருக்க வேண்டும்.

ஆறாம் அதிகாரத்தின் முடிவில் பூண்டே வந்துவிட்டது! வெங்காயம், பூண்டு போல மண்ணுக்குள் மறைந்திருப்பவற்றுக்கு இந்தச் சட்டம் உண்டா? இல்லை என்கிறார் ரபி யூதா. உண்டு என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். கண்ணுக்குத் தெரியாததை மறந்ததாகச் சொல்ல முடியுமா என்பதுதான் வழக்கின் மையம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பூண்டு பிடுங்கியவர்களுக்குத் தெரியும்: தாள் காய்ந்து அறுந்துவிட்டால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். நான் அறிஞர்கள் பக்கம்.

ஐந்தாம் அதிகாரத்தில்தான் என் உறுத்தலுக்குப் பதில் இருந்தது. பொறுக்க வரும் ஏழைகளைத் தடுப்பவன், ஒருவரை விட்டு மற்றவரை விடாதவன், அவர்களில் ஒருவருக்கு மட்டும் உதவுபவன், இம்மூவரும் ஏழைகளிடம் திருடுகிறவர்கள். திருட்டு என்றே சொல்கிறது. அப்படியானால் கேட்டுப் பெறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, அது என் பூண்டே அல்ல. அவருக்கு உரியதை நான் கொடுப்பதாகச் சொல்லி அவரை யாசகராக்கிவிட்டேன்.

அது இஸ்ரேல் நிலத்துக்கான சட்டம், பூம்பாறையைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இந்த முறை மண்ணில் தங்கிய பூண்டைத் தேடி இரண்டாம் முறை கிளற ஆள் விடவில்லை. கீழ்ப்படியின் ஓரத்தில் இரண்டு வரிசையைப் பிடுங்காமலே விட்டோம். தம்பி முணுமுணுத்தான், வடுகபட்டிச் சந்தையில் கிலோவுக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, வேலிப் படலை மட்டும் திறந்து வைத்தோம்.

மறுநாள் மதியம் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவர். ஓரத்து வரிசையை அவர் பார்க்கவில்லை, நடுப்படியில் வெறுங்கையால் கிளறிக்கொண்டிருந்தார். "அந்த ஓரத்தில் நிறைய இருக்கிறது, பாட்டி" என்று சொல்ல நாக்கு துடித்தது. மற்ற இருவரும் அதே படியில்தான் இருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.