தவணையும் தள்ளுபடியும்

கடன் வசூல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் தினமும் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "கொஞ்சம் டைம் கொடுங்க சார், முழுசா கட்டிடறேன்." வட்டியைக் குறைக்கச் சொல்வார்கள், தவணையை நீட்டச் சொல்வார்கள். மொத்தக் கடனையும் விட்டுவிடுங்கள் என்று கேட்பவர் அபூர்வம். அப்படிக் கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றாது.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையிலும் ஒரு ஊழியக்காரன் தவணைதான் கேட்கிறான். ராஜாவுக்கு அவன் தர வேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருடம் ஆகும். இதைத்தான் அவன் "பொறுத்துக்கொள்ளும், தீர்த்துவிடுகிறேன்" என்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை. மனமிரங்கி, கடனையே விட்டுவிட்டார்.

எங்கள் தொழிலில் இரண்டு விஷயங்களை மக்கள் குழப்பிக்கொள்வார்கள். வாராக்கடனை 'ரைட் ஆஃப்' செய்வது கணக்குப் புத்தகத்தில்தான். கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். தள்ளுபடி வேறு. அதில் உரிமையையே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். நாம் ஒருவரையொருவர் மன்னிப்பது பெரும்பாலும் முதல் வகை. 'போகட்டும்' என்போம், அடுத்த சண்டையில் பழைய கணக்கெல்லாம் வரிசையாக வெளியே வரும்.

தள்ளுபடி செய்ததும் பணம் மாயமாகிவிடாது. அந்த நஷ்டம் கொடுத்தவர் தலையில் விழும். சிலுவையை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் பத்திரத்தை, சிலுவையில் ஆணியடித்தார் என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது. பாவத்தைத் தேவன் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. அதன் நஷ்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். அன்பு என்றால் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒருமுறை, கணவர் இறந்தபின் கடன் தள்ளுபடியான ஒரு அம்மா, கடன் தீர்ந்த சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகும் அடுத்த மாதத் தவணையோடு வந்து நின்றார். கணினித் திரையில் நிலுவை பூஜ்யம் என்று காட்டினேன். பார்த்தார். அப்புறமும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நோட்டுகளை எண்ணி மேஜையில் வைத்தார். "வேண்டாம்மா, எடுத்துக்கோங்க" என்றதும், "நாளைக்கு வந்து கேட்க மாட்டீங்களே?" என்றார். குரலில் கோபம்கூட இருந்தது.

விசுவாசிகளான நமக்கும் அந்தப் பயம் உண்டு. உபவாசமும் காணிக்கையும் நல்லவைதான். நன்றியாகக் கொடுத்தால் சரி. பலர் அவற்றைத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உவமையில், கடன் விடப்பட்ட அந்த ஊழியக்காரனுக்கு உடன்வேலைக்காரன் தர வேண்டியிருந்தது நூறு வெள்ளிப்பணம். அதை விட்டுக்கொடுக்காமல் அவனைச் சிறையில் போட்டுவிட்டான். சில பிரசங்கங்களில் அந்த நூறை அற்பத் தொகை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று மாதத்துக்கு மேலான கூலி அது. இழந்தால் நிஜமாகவே வலிக்கும். தன் தவறை என்மேல் போட்டுவிட்டுத் தப்பித்த ஒரு சக ஊழியரால் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு போனது. அந்த இழப்பும் சின்னது இல்லை. இப்போது அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்றும் என் பக்கத்து மேஜையில்தான் உட்கார்கிறார். காலையில் வணக்கம் சொல்ல நானே முந்திக்கொள்கிறேன்.