செவ்வந்தி வின்டர் தாண்டிய கதை: ஒரு வருடக் குறிப்பு

2024 ஒக்டோபர்

நவராத்திரிக்கு வாங்கிய மூன்று மஞ்சள் செவ்வந்திச் சாடிகளும் விஜயதசமி முடிந்து இரண்டு கிழமையில் பழுப்பாகிவிட்டன. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் இதே பூதான். நவம்பர் வந்தால் எல்லாம் குப்பைப் பைக்குள் போய்விடும். எனக்கு எறிய மனம் வரவில்லை. செவ்வந்தி பல வருடம் வாழும் செடி. மேலே கருகினாலும் வேர் தப்பினால் மறுபடி துளிர்க்கும். அடுத்த நவராத்திரிக்கு வீட்டுப் பூவையே சாத்தவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"இது செத்துப்போச்சு பிள்ளை, எறிஞ்சுபோட்டு அடுத்த வருசம் புதுசு வாங்குமன்" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

மூன்றையும் மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். ஒன்றைப் பின்வளவில் தண்ணீர் தேங்காத சுவரோரம் நட்டேன். ஒன்று கராஜுக்குள் போனது. மற்றதைப் பழைய போர்வை சுற்றி வாசற்படியிலேயே விட்டேன்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை

நிலத்தில் நட்டதன் காய்ந்த தண்டுகளை வெட்டவில்லை. அவை ஸ்நோவையும் சருகையும் பிடித்து வைத்து அடிப்பகுதியைக் காக்கும். மண் உறைந்த பிறகு மேப்பிள் சருகை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன். மண் உறையும் முன்பே போட்டால் ஈரம் அடைபட்டு அழுகிவிடும்.

கராஜுக்கு ஹீட்டர் இல்லை. வெப்பமானி பெரும்பாலும் 0 முதல் 5 பாகைக்குள் நின்றது. செடி உறங்க அது நல்ல குளிர். மாதம் ஒருமுறை அரைக் கப் தண்ணீர் மட்டும் விட்டேன், வேர் பொடியாகக் காயாமல் இருக்க.

பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து இரண்டு பெரிய ஸ்நோ. எல்லாரும் அள்ளிக் களைத்தோம், ஆனால் பின்வளவுச் செடிக்கு அது நல்ல போர்வை.

2025 மார்ச், ஏப்ரல்

எனக்குப் பயமான மாதம் மார்ச்தான். பகலில் உருகி இரவில் உறையும்போது மண் பொங்கி வேரை மேலே தள்ளிவிடுகிறது. செவ்வந்தி வேர் ஆழமாகப் போவதில்லை. ஒரு காலை பார்த்தால் வேர்க்கட்டு இரண்டு விரல் வெளியே நிற்கிறது! காலால் மெதுவாக அமர்த்தி, மேலே மண் போட்டேன்.

கராஜ் செடி இருட்டில் வெளிறிய நீளத் துளிர்களை விட்டிருந்தது. சந்தோஷத்தில் நேரே வெயிலில் வைத்துவிட்டேன். இரண்டு நாளில் எல்லாம் வெந்துபோயின. நல்லகாலம், அடியிலிருந்து புதுத் துளிர் வந்தது. அதை நிழலில் தொடங்கி ஒரு கிழமையில் மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கினேன்.

வாசற்படிச் சாடியின் வேர் கறுத்துக் குழைந்திருந்தது. நிலத்தில் உள்ள வேருக்குச் சுற்றிலும் மண்ணின் சூடு உண்டு. சாடி நான்கு பக்கத்தாலும் உறையும், ஒரு போர்வையால் ஒன்றும் ஆகாது.

ஏப்ரல் கடைசியில் பின்வளவில் சருகை விலக்கினேன். செத்த தண்டுகளைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பச்சை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் குந்தியிருந்து தொட்டுப் பார்த்தார்.

மே முதல் ஜூலை வரை

இரண்டு செடியையும் தோண்டிப் பிரித்தேன். நடுவில் கட்டைபோல் முற்றிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்து இளம் துளிர்களை வேரோடு நட்டதில் ஏழு கன்றுகள் கிடைத்தன. ஒன்று மாமிக்கு. ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கிள்ளினேன், கிளைத்ததும் மறுபடி கிள்ளினேன். ஜூலை 1, கனடா தினத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் கிள்ளினால் மொட்டு தாமதமாகும்.

செப்டெம்பர், ஒக்டோபர்

செவ்வந்திக்கு இரவு நீளத் தொடங்கினால்தான் மொட்டு வரும். ஓகஸ்ட் கடைசியில் ஐந்து செடிகளில் மிளகு அளவு மொட்டு. இந்த முறை நவராத்திரி செப்டெம்பர் 22இலேயே தொடங்கிவிட்டது, எனக்கு ஒரே பதற்றம். மூன்றாம் நாள் முதல் பூ விரிந்தது. சரஸ்வதி பூசைக்கு ஒரு தட்டு நிறையப் பறித்தேன்.

வாசற்படி ஓரம் நட்ட கன்று மட்டும் பச்சையாகவே நின்றது. அப்புறம்தான் விளங்கியது, வாசல் லைட் இரவு முழுக்க அதன் மேல் எரிகிறது, அதற்கு இரவே இல்லை. லைட்டை அணைத்தும் அது பூக்க ஒக்டோபர் முடிவாகிவிட்டது. இப்போது இடம் மாற்றினால் வேர் பிடிக்காது. ஏப்ரலில் துளிர்த்ததும் அதைத்தான் முதலில் பின்வளவுக்குக் கொண்டுபோகப் போகிறேன்.