கிராண்டில் மீதி எவ்வளவு?

மூன்று வருடம் ஓடிய ஒரு ஆராய்ச்சி கிராண்டை, அதாவது ஆராய்ச்சிக்கென்று கிடைத்த நிதியை, போன மாதம்தான் மூடி முடித்தேன். ஆராய்ச்சி சொன்ன தேதியில் முடிந்துவிட்டது, கணக்கை மூட அதற்கு மேல் நான்கு மாதம் பிடித்தது. ஆய்வகத்தில் பட்ட பாட்டை எழுதக் கட்டுரைகள் இருக்கின்றன. கிராண்டின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளோடு பட்ட பாட்டை யாரும் எந்த ஆய்விதழிலும் போடப் போவதில்லை, அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எந்த மென்பொருள் என்று சொல்லவில்லை. எஸ்ஏபி, ஆரக்கிள், வொர்க்டே போன்ற பெரிய நிறுவன மென்பொருள்களில் கிராண்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. எம்ஐடியில் உருவான கோயஸ் என்ற மென்பொருளிலிருந்து வளர்ந்த குவாலி மாதிரி, பல்கலைக்கழகங்களை மனதில் வைத்தே செய்தவையும் உண்டு. திரை வேறாக இருக்கும், பட்டன் வேறு இடத்தில் இருக்கும், உள்ளே ஓடும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் தடுக்கி விழுந்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

விண்ணப்பம் போடும் கட்டம் எனக்குப் பெரிய சிரமமாக இல்லை. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் அடையாளமாகக் கொடுக்கும் ஆர்கிட் எண்ணைக் கேட்டது, ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன், உடனே சிவப்புக் கோடு போட்டுத் தப்பு என்றது. எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டுத் தேடிப் பார்த்தேன். அந்த 16 இடங்களில் கடைசியில் வருவது முந்தைய பதினைந்தையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கமாம், அதனால்தான் சிலருக்குக் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து வருகிறது. அட, இவ்வளவு கவனமான மென்பொருளா என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை வந்தது பாருங்கள், அதுதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

நிதி ஒதுக்கிவிட்டோம் என்று சொல்லும் சாங்ஷன் கடிதம் வந்த அன்று பணம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கடிதம் என்பது கடிதம் மட்டுமே. மென்பொருளுக்குள் அந்த கிராண்டுக்கு ஒரு எண் உருவாக வேண்டும், அந்த எண்ணுக்குக் கீழே சம்பளம், கருவி, நுகர்பொருள், பயணம் என்று ஹெட்டுகள், அதாவது செலவுத் தலைப்புகள், பிரிய வேண்டும், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, யார் செலவு செய்யலாம், யார் அப்ரூவ் செய்யலாம் எல்லாம் ஏற வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் ஆய்வு மாணவர் ஒருவர் வேலையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார், அவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும், துறைக் கணக்கிலிருந்து கொடுத்துவிட்டு அப்புறம் கிராண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றலாம்தான். ஆனால் ஒரு கணக்கில் எழுதிய செலவைப் பின்னால் இன்னொரு கணக்குக்குத் தள்ளுவது தணிக்கையாளர்கள் முதலில் தோண்டும் இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் முதலிலேயே சரியான கணக்கில் எழுதவில்லை, ஏன் இந்தத் தாமதம், இந்தச் செலவு இந்தத் திட்டத்துக்குத்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மூன்று பெட்டிகளில் விளக்கம் கேட்டது. 'தவறுதலாக' என்று ஒரு வார்த்தை எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதத் தேதி, எண் உருவான தேதி, மாணவர் சேர்ந்த தேதி மூன்றையும் எழுதி, சேர்க்கை ஆணையையும் இணைத்த பிறகு போனது.

இரண்டாம் வருடத்தின் நடுவில்தான் உண்மையான குழப்பம். இன்னொரு மாணவரை எடுக்கலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது, மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. எனக்கென்று ஒரு எக்செல் கோப்பு உண்டு, பில் வந்தவுடன் அதில் எழுதிவிடுவேன். மொத்த ஒதுக்கீட்டை 100 என்று வைத்துக்கொண்டால் என் எக்செல்லில் 38 மீதி. மென்பொருளின் முதல் திரையில் பெரிய எழுத்தில் 100 என்றே நின்றது, உள்ளே ஒரு அறிக்கையை ஓட்டினால் 21 என்றது. மூன்று எண்கள்! ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தும் பிடிபடாமல், அடுத்த நாள் கணினியையே தூக்கிக்கொண்டு அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் போனேன்.

"சார், மேல பெருசா தெரியுதே, அது பட்ஜெட் சார். அதைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. இந்த மூணு நெடுவரிசையையும் சேர்த்துப் பாருங்க" என்றார். பட்ஜெட், கமிட்மென்ட், ஆக்சுவல். பட்ஜெட் என்பது கொடுக்க ஒப்புக்கொண்டது, ஆக்சுவல் என்பது செலவாகக் கணக்கில் ஏறிவிட்டது. நடுவில் இருக்கும் கமிட்மென்ட்தான் விஷயமே. நான் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட்ட நொடியிலேயே, பொருளும் வராமல் பில்லும் வராமல், அந்தத் தொகையை மென்பொருள் தனியாக எடுத்துக் கட்டி வைத்துவிடுகிறது. வாக்குக் கொடுத்த பணம், இனி அது உன்னுடையது இல்லை என்று அர்த்தம். பொருள் வந்து, இன்வாய்ஸ் ஏறும்போது கமிட்மென்ட்டில் குறைந்து ஆக்சுவலில் கூடும். மீதி என்று அது சொல்வது, பட்ஜெட்டில் இருந்து மற்ற இரண்டையும் கழித்த பிறகு நிற்பது.

சரி, அது புரிந்தது. ஆனால் நான் போட்டு வராமல் இருந்த ஆர்டர்களின் தொகை வெறும் 5 தான், வித்தியாசமோ 17. மேடம் ஒவ்வொரு வரியாகத் திறந்து காட்டினார். மாணவரின் நியமனம் எந்தத் தேதி வரை என்று மனிதவளப் பகுதியில் இருக்கிறதோ, அந்தத் தேதி வரைக்குமான உதவித்தொகை முழுவதையும் அது முன்கூட்டியே கமிட்மென்ட்டாகக் கட்டியிருந்தது, அதில் ஒரு 9 போயிற்று. மிச்சம் 3, ஓவர்ஹெட், அதாவது நிறுவனம் தன் பொதுச் செலவுக்காகப் பிடித்துக்கொள்ளும் பங்கு. நான் அதை வருடக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று எக்செல்லில் விட்டிருந்தேன், மென்பொருள் மாதாமாதம் செலவு ஏற ஏறப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. என் கோப்பு கடந்த காலத்தைக் காட்டியது, அது வரப்போவதையும் சேர்த்துக் காட்டியது. நான் 38ஐ நம்பி ஆள் எடுத்திருந்தால் மூன்றாம் வருடம் நடுவில் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் பணம் இருந்திருக்காது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஓவர்ஹெட் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில் நன்றாகச் சூடு பட்டுக்கொண்டேன். முன்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டம் ஒன்றில் பங்கெடுத்திருந்தேன், அங்கே துணை ஒப்பந்தம் மாதிரி சில இனங்களைக் கழித்துவிட்டு நேரடிச் செலவில் 25 சதவீதம் என்று ஒரே போடு, யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசோடு பேசித் தனக்கென்று ஒரு விகிதம் வைத்திருக்கும், எதன் மேல் கணக்கிடுவது என்பதற்கும் தனி விதி, பெரிய கருவிகள் அந்த அடிப்படைத் தொகையில் சேராது. என் கிராண்டும் அந்த இரண்டாவது வகைதான், விகிதம் 15 சதவீதம், கருவிக்குக் கிடையாது. இது தெரியாமல், கருவி ஹெட்டில் மிச்சமாக நின்ற 10ஐ நுகர்பொருள் ஹெட்டுக்கு மாற்றக் கேட்டேன், நிதி கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மாற்றி முடித்து வேதிப்பொருள்கள் வாங்கிக்கொண்டே போனால் 8.7 ஆனவுடன் ஆர்டர் போட விடாமல் நிறுத்திவிட்டது. கருவியாக இருந்தவரை ஓவர்ஹெட் கேட்காத பணம், நுகர்பொருளாக மாறியதும் கேட்க ஆரம்பித்துவிட்டது. 8.7, அதன் மேல் 15 சதவீதம் 1.3, மொத்தம் 10. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் அதை முன்பே போட்டுப் பார்க்கவில்லை. ஹெட் மாற்றக் கேட்பவர்கள் புதிய ஹெட்டுக்கு ஓவர்ஹெட் உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் அந்த ஆர்கிட் சமாச்சாரத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு இலக்கம் தப்பானால் கத்துகிற மென்பொருள், நான் ஒரு மென்பொருள் உரிமத்தை நுகர்பொருள் குறியீட்டில் போட்டபோது வாயே திறக்கவில்லை. டிராப்டவுனில் இருநூறு குறியீடுகள், பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமே இல்லாதவை, ஏற்கெனவே பழக்கமானதைத் தேர்ந்தெடுத்தேன், பச்சை டிக் வந்தது. பச்சை டிக் என்றால் அந்த ஹெட்டில் பணம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அந்தப் பொருள் அந்த ஹெட்டுக்கு உரியதா என்பது அதற்கு எப்படித் தெரியும்? வருட அறிக்கை எடுக்கும்போது வெளியே வந்தது. மறுபடியும் அந்த மூன்று பெட்டிகள், மறுபடியும் விளக்கம்.

அப்ரூவல் பற்றி எல்லோரும் புலம்புவதால் நான் குறைத்துக்கொள்கிறேன். ஒரு ஆர்டர் பத்தொன்பது நாள் 'பரிசீலனையில்' என்றே நின்றது, தினமும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லின் மேல் கிளிக் செய்தால் வழித்தடப் பதிவு ஒன்று திறக்கும் என்பதை இருபதாம் நாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், திறந்தால் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்ட ஒரு அதிகாரியின் இன்பாக்ஸில் அது சுகமாகத் தூங்குகிறது. பதவி மாறியது, மென்பொருளில் பெயர் மாறவில்லை. ஐடி பிரிவுக்கு ஒரு டிக்கெட் போட்டேன், அன்று மாலையே நகர்ந்துவிட்டது. வேலைநேரப் பதிவிலும் ஒரு கூத்து: இரண்டு கிராண்டுக்கு 40, 40 சதவீதம், கற்பித்தலுக்கு 30 சதவீதம் என்று எழுதினேன். கூட்டிப் பாருங்கள். அது கூட்டிப் பார்த்தது, ஏற்க மறுத்துவிட்டது.

மேடத்திடம் போய் வந்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை, முந்தைய மாதக் கணக்கு முடிந்ததும், மென்பொருளின் மூன்று நெடுவரிசைகளையும் என் எக்செல்லில் அப்படியே இறக்கி, என் வரிகளோடு ஒட்டிப் பார்ப்பேன். இருபது நிமிட வேலை. எண்கள் ஒத்துப்போவதைவிட, ஒத்துப்போகாத வரி எது, ஏன் என்று ஒரு வார்த்தையாவது பக்கத்தில் எழுதுவதுதான் பயன்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரு கேமராவுக்கு ஆர்டர் போட்ட நாள் மாற்று விகிதத்தில் ஒரு தொகை கட்டப்பட்டிருந்தது, இன்வாய்ஸ் வந்த நாளில் விகிதம் மாறியிருந்தது, அந்தச் சின்ன வித்தியாசம் ஒரு வரியாகத் தனியே தொங்கியது. பக்கத்தில் 'விகிதம்' என்று எழுதியிருந்ததால் ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது பதில் சொல்ல முடிந்தது.

கடைசியாக, அந்த நான்கு மாதம். முடிவுத் தேதி தாண்டிவிட்டால் புதிய செலவு எதுவும் கிடையாது, தேதிக்கு முன்பு வந்துசேர்ந்த பொருள்களின் பில்கள் மட்டும் சில வாரங்களுக்கு ஏறலாம். எல்லாம் ஏறிவிட்டது, மாணவரின் நியமனமும் முடிந்தது, கிராண்டை மூடச் சொல்லி அனுப்பினேன், மூட மாட்டேன் என்றது. காரணமாக ஒரே ஒரு வரி: திறந்த கமிட்மென்ட் உள்ளது. தேடிப் போனால் பழைய ஆர்டர் ஒன்று. 12 குப்பி ஆன்டிபாடி கேட்டிருந்தோம், 11 தான் வந்தது, அந்தப் பொருளையே நிறுத்திவிட்டதாக விற்பனையாளர் சொல்லிவிட்டார், நாங்களும் வந்ததற்குப் பணம் கொடுத்துவிட்டு மறந்துவிட்டோம். மென்பொருள் மறக்கவில்லை. வராத அந்த ஒரு குப்பிக்கான பணத்தை ஒன்றரை வருடமாகப் பத்திரமாகக் கட்டி வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தது. மாதாமாதம் ஒட்டிப் பார்த்தேனே என்று கேட்கலாம். பார்த்தேன், பக்கத்தில் 'வரும்' என்று என் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஆர்டரை ரத்து செய்யப் பார்த்தேன், முடியவில்லை, ஏற்கெனவே அதன் மேல் இன்வாய்ஸ் ஏறியிருப்பதால் விடவில்லை. தொகையைக் குறைக்கப் பார்த்தேன், திருத்தத்துக்கு அப்ரூவல் வேண்டும், கிராண்டின் தேதி முடிந்துவிட்டதால் அப்ரூவல் வழித்தடமே திறக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவு கொள்முதலைக் கைகாட்டியது, கொள்முதல் ஐடியைக் கைகாட்டியது. கடைசியில் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி, "சார், டெலிவரி முடிஞ்சதுன்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டா மிச்சம் தானா விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போட்டும்விட்டார். அந்த ஆர்டரின் வரியில், மூன்றாவது தாவலில், சின்னதாக ஒரு பெட்டி. பக்கத்தைப் புதுப்பித்தால் கமிட்மென்ட் பூஜ்யம்.

கட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட பணம் நேராக மீதியில் வந்து உட்கார்ந்தது. தேதி முடிந்துவிட்டதால் அதை இனி எதற்கும் செலவு செய்ய முடியாது, இறுதி அறிக்கையோடு நிதி கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம், ஒரு குப்பியின் விலையும் அதற்கான 15 சதவீதமும்.