கட்டிங் காலத்தில் அரிசிம்பருப்பு: பொதுப் போசியின் எடைக் கணக்கு

இந்த முறை கட்டிங் (தசையை விடாமல் கொழுப்பைக் குறைக்கும் காலம்) நினைத்ததைவிட நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. உடல் எடை 62 கிலோவிலிருந்து 57-க்கு வந்துவிட்டது. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 70 கிலோவில் ஐந்து முறை என்ற இடத்திலிருந்து இறங்கவே இல்லை. சாப்பாட்டைக் குறைத்த பிறகும் பலம் அப்படியே நிற்கிறது என்றால், கரைந்தது பெரும்பாலும் கொழுப்புதான், தசை பத்திரமாக இருக்கிறது என்று நம்பலாம். அதைவிட எனக்குப் பெருமை தருவது வேறு: இந்தக் காலம் முழுவதும் எனக்கென்று தனிச் சமையல் செய்யவில்லை. அத்தை, கணவர், இரண்டு பிள்ளைகள் என எல்லோருக்கும் பொங்கிய அதே போசியிலிருந்துதான் (போசி என்றால் எங்கள் பேச்சில் பாத்திரம்) நானும் சாப்பிட்டேன்.

வேகவைத்த கோழியும் ப்ரோக்கோலியும் அடைத்த டப்பாவோடு குடும்பத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. போட்டி மேடைக்குத் தயாராகிறவர்கள் கடைசி வாரங்களில் அப்படி இருக்க வேண்டியிருக்கலாம். நாற்பதைத் தாண்டி, பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலையும் பார்த்துக்கொண்டு, இன்னும் இருபது வருடம் இரும்பைத் தூக்க வேண்டும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. வீட்டுச் சாப்பாட்டோடு ஒட்டாத உணவு முறை எத்தனை கட்டுப்பாடாக இருந்தாலும் ஒரு தீபாவளியைத் தாண்டாது.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை, செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிடும் பற்றாக்குறை நாளுக்கு முந்நூறு கலோரி அளவில், ஒரு நாள் எடையைவிட வாரச் சராசரி எடையைப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் நேராகப் போசிக்கு வருகிறேன். பொதுப் போசியில் தன் பங்கு எத்தனை கலோரி என்று தெரியாமல் அங்கேதான் எல்லோரும் கைவிடுகிறார்கள்.

கலோரி கணக்குச் செயலிகளில் 'ஒரு கிண்ணம் சாம்பார்' என்று போட்டிருக்கிறார்கள். யார் வீட்டுக் கிண்ணம்? எத்தனை பருப்பு, எத்தனை எண்ணெய்? அந்த எண்ணை நம்பி முந்நூறு கலோரிப் பற்றாக்குறையை நடத்த முடியாது. தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினாலே 120 கலோரி போய்விடுகிறது. ஆகவே கணக்கைச் சமைத்த உணவிலிருந்து தொடங்காமல், சமைக்காத பொருளிலிருந்து தொடங்க வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரம் இருக்கிறது. நம் ஊர் அரிசி, பருப்பு, கீரை எல்லாம் உண்டு. எனக்கு அதுவே வேதம்.

முறை எளிது. காலிப் பாத்திரத்தின் எடை தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போகும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை எடைபோட்டுப் போட வேண்டும். வெந்தபின் பாத்திரத்தோடு எடைபோட்டு, காலி எடையைக் கழித்தால் மொத்த உணவின் எடை வந்துவிடும். நான் தட்டில் போட்டுக்கொள்வது அதில் எத்தனையில் ஒரு பங்கோ, மொத்தக் கலோரியிலும் அத்தனையில் ஒரு பங்கு எனக்கு. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

சொல்லும்போது எளிது. செய்யும்போது தராசு படுத்தும் பாடு இருக்கிறதே! பத்துக் கிலோ வரை எடைபோடும் மலிவு விலை டிஜிட்டல் தராசுதான் எல்லோரிடமும் இருக்கிறது. அதன் மேல் ஐந்து லிட்டர் குக்கரை வைத்தால் எண் தெரியும் கண்ணாடியே மறைந்துவிடுகிறது. குனிந்து, தலையைச் சாய்த்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாலும் கடைசி இலக்கம் தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வைத்தால் பிளாஸ்டிக் மேல்தட்டு நெளிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடுகிறது. டேர் பொத்தானை அழுத்திக் கழித்து வைத்திருந்த பாத்திர எடையும் அதோடு போகிறது. அரிசி அரை மணி நேரம் வேகும். அதுவரை இந்தத் தராசு விழித்திருப்பதில்லை.

மறைப்புக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு கிடைத்தது. தராசின் நடுவில் ஒரு சிறிய எவர்சில்வர் டபராவைக் கவிழ்த்து, அதன் மேல் மரப் பலகைத் துண்டை வைத்துவிட்டேன். போசி உயர்ந்து நிற்கிறது, கீழே எண் பளிச்சென்று தெரிகிறது, சூடும் இறங்குவதில்லை. டபராவின் விளிம்பு அகலமாக இருக்க வேண்டும். டம்ளரைக் கவிழ்த்தால் ஆடும். டபரா, பலகை இரண்டின் எடையை மட்டும் டேர் போட்டால் போதும்.

அணைந்துபோகும் சிக்கலுக்கு வந்த தீர்வைப் பற்றி நான் கொஞ்சம் தற்பெருமையோடுதான் எழுதப்போகிறேன். பாத்திர எடையை மார்க்கரால் எழுதினால் இரண்டு கழுவலில் போய்விடும். காகிதத்தில் எழுதி ஒட்டினால் அத்தை கிழித்துப் போடுவார். பெரிய கடை வீதிப் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறவரிடம் குக்கரையும் மூன்று போசிகளையும் தூக்கிக்கொண்டு போனேன். ஏற்கெனவே என் அம்மா வீட்டுப் பெயர் வெட்டியிருந்த இடத்துக்குக் கீழே, ஒவ்வொன்றின் காலி எடையையும் கிராமில் வெட்டச் சொன்னேன். குக்கரில் 1880 என்று வெட்டும்போது, "இது எந்த வருஷம், அம்மணி?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் அவருக்கு அது பிடித்துவிட்டது. எண்ணுக்குப் பின்னால் 'கி' என்று ஒரு எழுத்தைத் தானாகவே சேர்த்து வெட்டிக் கொடுத்தார். மூடி, காஸ்கெட், விசில் சேராமல் எடுத்த எடை அது. நீங்கள் செய்வதானால் கைப்பிடித் திருகை நன்றாக முடுக்கிய பின் எடை எடுங்கள். பிறகு கைப்பிடியை மாற்றினால் எண்ணும் மாறும்.

இனி அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கும் அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிங் செய்கிறவர்கள் பயப்படும் சாப்பாடு இதுதான், ஏனென்றால் வெந்தபின் அரிசியையும் பருப்பையும் பிரித்து எடைபோட வழியே கிடையாது. எங்கள் வீட்டு அளவில் அரிசி 400 கிராம், துவரம்பருப்பு 130, எண்ணெய் 20, கடைசியில் நெய் 15. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டுக்கு ஒரு அறுபது கலோரி. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 2,200 கலோரி, 60 கிராம் புரதம். வெந்து இறக்கியபின் தராசு 3,980 காட்டியது. 1,880 போக 2,100 கிராம். என் தட்டில் 350 கிராம் போட்டுக்கொண்டேன். சரியாக ஆறில் ஒரு பங்கு: 367 கலோரி, பத்து கிராம் புரதம். 350 கிராம் என்பது தட்டு நிறைய இருக்கிறது. ஒரு தட்டு அரிசிம்பருப்பும் தயிரும் கட்டிங்கில் சாப்பிடலாம் என்று எண்ணால் நிரூபித்த அந்த மதியம் எனக்குப் பெரிய மதியம்.

இரண்டு நுணுக்கங்கள் உண்டு. நெய்யை எடைபோடுவதற்கு முன்பே ஊற்றி நன்றாகக் கிளறிவிட வேண்டும். மேலே மிதந்தால் முதலில் எடுப்பவருக்கு எல்லாமும் போய்விடும். மற்றது இரவுக் கணக்கு. மதியம் மிச்சமானது மாலைக்குள் வறண்டு எடை இழக்கும், ஆனால் கலோரியை இழக்காது. மதியம் எல்லோரும் எடுத்தபின் போசியை ஒருமுறை எடைபோட்டு, எத்தனை பங்கு மிஞ்சியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் மறுபடி எடைபோட்டால் அந்தப் பங்கு புதிய எடைக்குள் அடைந்திருக்கும். மகள் இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கை அவளுக்கு நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பத்து கிராம் புரதத்தை வைத்து உடம்பு வளராது என்பது உண்மை. மீதியை ஓரத்தில் சேர்க்கிறேன், நடுவில் இருக்கும் பொதுப் போசியில் கைவைப்பதில்லை. காலையில் மூன்று முட்டை பதினெட்டு கிராம். உலர்ந்த சோயா உருண்டை நாற்பது கிராம் குழம்பில் போட்டால் இருபது. கோழி எடுக்கும் நாளில் அதற்குப் பதில் பச்சையாக 150 கிராம் எடையில் முப்பதைத் தாண்டும். பயிற்சி முடிந்து பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி ஒரு கரண்டி, அதில் இருபத்துநான்கு. தயிரும் பருப்பும் சோறும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நூறு கிராமைத் தொட்டுவிடுகிறேன்.

முட்டையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலை தினமும் செய்தித்தாளில் வருகிறது, முப்பது முட்டை அட்டையாக மொத்தக் கடையில் எடுத்தால் புரதம் மலிவாகவே கிடைத்துவிடுகிறது. வே பொடிதான் தலைவலி. தெரிந்த கடை என்று வாங்கிய ஒரு டப்பாவில் மூடிக்குள் இருக்கும் ஒட்டுத்தாள் உரிந்திருந்தது, அசல்தானா என்று சுரண்டிப் பார்க்கும் எண் செல்லவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். அதிலிருந்து, எண்ணைக் கடையிலேயே சுரண்டி, நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறேன். நீங்களும் கூச்சப்படாதீர்கள்.

தராசு என் வீட்டுச் சமையலறையைவிட்டு வெளியே போகாது. இதில் நான் மிகவும் கண்டிப்பு. கல்யாணப் பந்தியில் இலையில் விழுவதைச் சாப்பிடுவேன். அவியலும் பருப்பும் இரண்டாவது முறை கேட்பேன், பாயசம் ஒரு முறை. நாத்தனார் வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன் செய்தால் எத்தனை எண்ணெய் என்று கேட்கமாட்டேன். அத்தனை அன்போடு சமைத்தவரிடம் கணக்குக் கேட்பது அநாகரிகம். வாரச் சராசரி அந்த ஒரு வேளையைத் தாங்கிக்கொள்ளும். அதற்காகத்தானே மற்ற வேளைகளில் இத்தனை கறாராக இருக்கிறோம்?

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் காலத்தில் பயிற்சியை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டேன். வளர்ந்த தசையைத் தக்கவைக்க, அதை வளர்க்கத் தேவைப்பட்ட அளவு உழைப்பு வேண்டியதில்லை; பாரின் எடையைக் குறைக்காமல் செட்களை, அதாவது தூக்கும் சுற்றுகளை, மட்டும் குறைத்தால் போதும். என் ஸ்குவாட் அதற்குச் சாட்சி. தூக்கத்தில் மட்டும் சலுகை கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்தில் காலை ஐந்தேகால் பெண்கள் நேரத்துக்குப் போக வேண்டுமானால் இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். இதில் குடும்பத்தின் ஒத்துழைப்பு பெரிது. பெண்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் கடினமான பகுதி இரும்பு அல்ல, அந்த ஒன்பதரை மணிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெண்களுக்கு இன்னொன்று. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் உடலில் நீர் தேங்கி, சிலருக்கு எடை ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறி நிற்கும். அப்போது சாப்பாட்டை வெட்டாதீர்கள். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். எடைக் கோடு எத்தனை ஒழுங்காக இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

இலக்கு 56. இன்னும் ஒரு கிலோ பாக்கி இருக்கும்போதே மனம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. தோளுக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ் 27.5 கிலோவில் நிற்கிறது. கூடத்தில் பாரில் மாட்ட இருக்கும் மிகச் சிறிய எடைத் தட்டு 1.25 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் 30. ஒரே தாவலில் ஒன்பது விழுக்காடு! ஸ்குவாட் 140 தூக்கும் ஆண்களுக்கு அது தூசு; பெண்களுக்கு அது சுவர். ஆன்லைனில் விற்கும் சின்னத் தட்டுகளின் விலை அநியாயம். நாம் கோயம்புத்தூர்க்காரர்கள், லேத்துக்கா பஞ்சம்? கணக்குப் போட்டுவிட்டேன்: 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வெளி விட்டம் 97, நடுத்துளை 51 மி.மீ. வைத்தால் ஒரு தட்டு 252 கிராம் வரும். ஜோடியாக மாட்டினால் அரைக் கிலோ ஏற்றம். கணபதியில் ஒரு பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறேன். சாண்டோ சின்னப்பா தேவரைத் தந்த ஊரில் சின்னத் தட்டு இல்லாமல் ஒரு தோள் நின்றுபோகக் கூடாது.

இப்போது தீராமல் கிடப்பது கொள்ளு. நூறு கிராமில் இருபதுக்கு மேல் புரதம், மலிவு, அத்தை கடைந்தால் அமிர்தம். ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைப்பதுதான் எங்கள் வழக்கம். வடித்த தண்ணீரோடு எத்தனை சத்து ரசத்துக்குப் போகிறது, எத்தனை கடைசலில் நிற்கிறது? பொதுப் போசி முறை இங்கே உடைகிறது, ஏனென்றால் ஒரு போசி இரண்டாகிவிடுகிறது. கடைசலின் அளவைப் போட்டு முழுக் கொள்ளையும் எழுதினால் புரதம் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய் எனக்கு வேண்டாம். வடித்த தண்ணீரில் நூறு கிராமைத் தனியே எடுத்து, அடுப்பில் முழுக்க வற்றவிட்டு, அடியில் மிஞ்சும் வண்டலை எடைபோட்டால் வெளியேறிய திடப்பொருள் எத்தனை என்றாவது தெரியும். உப்பு போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் நகைத் தராசு ஒன்று தேவைப்படுகிறது. கணவரின் நண்பர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அத்தை கொள்ளு போடுகிறார். எண் கிடைத்ததும் எழுதுகிறேன். இதற்குள் வேறு யாராவது வற்றவைத்துப் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.