கிறிஸ்துமஸ் வாரத்தில் ‘லவ் ஆக்சுவலி’

ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி இயக்கி 2003-இல் வெளிவந்த ‘லவ் ஆக்சுவலி’யைக் காதல் நகைச்சுவைப் படம் என்றுதான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து வாரங்களில் லண்டனில் நிகழும் பல கதைகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் இந்தப் படத்தை, மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில், வாசல் குடிலுக்கு விளக்குப் போட்டு முடித்த ஓர் இரவில் அண்ணன் மனைவியான மைனியோடு உட்கார்ந்து பார்த்தேன். இதில் உயிரோடு இருப்பவை, காதல் கைகூடிய கதைகள் அல்ல என்றே எனக்குத் தோன்றியது.

ஹீத்ரோ விமான நிலையத்தின் வருகைப் பகுதியில் படம் தொடங்குகிறது. அங்கே கட்டித் தழுவிக்கொள்பவர்கள் நடிகர்கள் அல்லர். மறைவான கேமராக்களால் படம்பிடித்துவிட்டுப் பிறகு அனுமதி பெற்றுச் சேர்த்த உண்மையான பயணிகள். வளைகுடாவிலிருந்து வருகிறவரை அழைத்துவர வேன் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய் நின்ற குமரி மாவட்டத்தாருக்கு இக்காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. என்ன, நம்மவர்கள் பொது இடத்தில் தழுவிக்கொள்வதில்லை. வந்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார், மனைவி பெட்டி வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வார். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். மைனி அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

பிரதமர் தம் அலுவலகப் பணிப்பெண்ணைக் காதலிப்பதும், பெண் தேடி ஒருவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதும் சிரித்துவிட்டு மறக்கத் தக்கவை. நண்பனின் மனைவியிடம், வாசலில் நின்று அட்டைகளில் எழுதிக் காதலைச் சொல்லும் காட்சியைப் பலர் கொண்டாடுகிறார்கள்; எங்கள் ஊரில் ஒருவன் அப்படி நின்றிருந்தால் மறுநாளே விஷயம் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவைக்குப் போயிருக்கும்.

எமா தாம்சன் நடித்த கேரன் வேறு வகை. மகள் பள்ளியின் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் தனக்குச் சிங்கி இறால் வேடம் என்று சொல்லும்போது, இயேசு பிறந்த இடத்தில் இறாலுக்கு என்ன வேலை என்று வியக்கிற சாதாரணத் தாய் அவர். கணவனின் கோட்டுப் பையில் ஒரு கழுத்தணியைக் கண்டு, தனக்குத்தான் என்று நம்பியிருக்கிறார். பரிசைப் பிரித்தால் உள்ளே இருப்பது பாடகி ஜோனி மிட்சலின் இசைத்தட்டு; கழுத்தணி வேறொருத்திக்கு. பிள்ளைகள் முன்னால் முகம் மாறாமல் படுக்கையறைக்குப் போய், அந்தப் பாட்டு ஓட ஓட நின்றபடியே அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலையாத கட்டில் விரிப்பை ஒருமுறை சரிசெய்துவிட்டு, நாடகத்துக்கு நேரமாகிறது என்று பிள்ளைகளைக் கிளப்ப வெளியே வருகிறார். அந்த விரிப்பைத் தடவும் கைக்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை பார்ப்பேன். அதே கழுத்தணியை, கடை விற்பனையாளராக வரும் ரோவன் அட்கின்சன் ஆற அமரப் பொதிந்து கொடுக்கும்போது வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் நாம்தான் என்பது அப்போது உறைக்கிறது.

லாரா லின்னி நடித்த சாராவோ, உடன் வேலை பார்க்கும் கார்லை ஆண்டுக்கணக்காக மனத்துக்குள் விரும்புகிறவள். இருவரும் தனித்திருக்கும் அந்த ஒரே இரவில், மனநலக் காப்பகத்தில் இருக்கும் அவளுடைய சகோதரன் தொலைபேசியில் அழைக்கிறான். பேசி வைத்த சற்று நேரத்தில் மறுபடி மணி அடிக்கிறது. நீ எடுத்தால் அவனுக்குக் குணமாகிவிடுமா என்று கார்ல் கேட்கிறான், இல்லை என்கிறாள், அப்படியானால் எடுக்க வேண்டாமே என்கிறான். அவள் எடுக்கிறாள். பலரையும் ஜோடி சேர்த்துவிடும் படத்தில் இந்த இருவரைக் கர்ட்டிஸ் சேர்க்காமல் விட்டது அவருடைய துணிச்சல் என்றே நினைக்கிறேன்.

கார்ல் கேட்டதில் கொடுமை ஒன்றும் இல்லை, களைத்துப்போனவன் கேட்கிற கேள்விதான் அது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “கூடப்பொறந்தவன் கூப்பிட்டா எடுக்காம எப்பிடித் தம்பி இருக்க?” என்றார் மைனி. அதோடு அவருக்குக் கார்லைப் பிடிக்காமல் போயிற்று.