ஓரியூருக்குப் போன வழியில்

போர்ச்சுகலிலிருந்து வந்து, வேதம் போதித்ததற்காக ஓரியூரில் உயிர்விட்ட சாமியார் புனித அருளானந்தர். அவருக்கு நான் நேர்ந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். சாமியாராவதற்குப் படிக்கும் குருமடத்திலிருந்து ஐந்தாம் ஆண்டில் வெளியே வந்துவிட்ட என் மகன் திரும்பவும் அங்கே போக வேண்டும். அவன் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. “இதற்காகவா ஐந்து வருடம் படித்தான்?” என்று உறவில் கேட்காதவர் இல்லை. பங்குச் சாமியாரிடம் போய் அழுதேன். “நீங்கள் தட்டிய கதவு திறக்கவில்லை என்றால் ஆண்டவர் வீட்டில் இல்லை என்றா அர்த்தம், அம்மா?” என்றார். அன்று அது எனக்கு ஏறவில்லை.

பிப்ரவரியில் கிளம்பினோம். மதுரையிலிருந்து வழக்கமாகச் சிவகங்கை, காளையார்கோவில் வழியாகப் போவோம். சாலை வேலை நடக்கிறது என்று டிரைவர் ராமேசுவரம் சாலையில் வேனைத் திருப்பினார். முத்தனேந்தலில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. வெயில் ஏறிவிட்டது, மாமியாருக்கு முழங்கால் வலி, எனக்கோ ஆத்திரம். நேர்ச்சைக்குப் போகிற நாளில் இப்படியா சோதிப்பது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, அத்தனை பேரும் போகிறார்கள். இன்று முதல் வெள்ளி அல்லவா?” என்றார் டீக்கடைக்காரர். மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதய ஆண்டவருக்கு உரிய நாள். அது எனக்கு மறந்தேபோயிருந்தது. ஆட்டோ பிடித்துப் போனோம்.

மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர்தான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் போனதில்லை. பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து பெர்டினாண்ட் செல் சாமியார் 1894-இல் எழுப்பிய கோயில். அச்சில் வார்த்த செங்கல் ஒவ்வொன்றும் பூவேலைபோல் நிற்கிறது. நின்று பார்க்கத்தான் விடவில்லை. மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஆலய வாசலில் இந்த நெருக்கடி வேண்டுமா?

உள்ளே நல்ல கூட்டம். திரு இருதய ஆண்டவரின் பீடத்தருகே போக வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டார், படியேற முடியவில்லை. மகன் குனிந்து, “பாட்டி, கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். கொண்டுபோய் நிறுத்தி, விலகிய சேலையைச் சரிசெய்து, நடுங்கிய கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, அந்தக் கைக்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்தி நின்றான். உருகிய மெழுகு சொட்டுச் சொட்டாக அவன் கையில் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

எந்தக் கைகள் சாமியாராகப் பூசையில் திருக்கிண்ணத்தை உயர்த்த வேண்டும் என்று கனவு கண்டேனோ, அந்தக் கைகள். நேர்ச்சை ஜெபத்தைச் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. “ஆண்டவரே, இவனை எனக்குக் கொடுத்தீரே” என்பதுதான் வந்தது. சுரூபத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கண்ணீர் விடவில்லை. திருப்பலி முடிந்ததுகூட எனக்குத் தெரியாது.

ஓரியூர் சேரும்போது சாயங்காலம். திருவிழா நாள் கூட்டத்தில் வேன் நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆனது. சொன்னதைவிட இரண்டு மடங்கு காசு வாங்கினார்கள். செம்மண்ணில் கால் வைத்ததும் எல்லாம் அடங்கிப்போனது. போர்ச்சுகல் அரசர் தம்முடனேயே இருக்கச் சொல்லியும் ராமநாதபுரம் பகுதியான மறவ நாட்டுக்குத் திரும்பி வந்தவர் அல்லவா நம் அருளானந்தர்! ராமநாதபுரத்தில் சிறைப்பட்டவரை ஓரியூருக்கு அனுப்பினார்கள்; 1693 பிப்ரவரி 4 அன்று இங்கேதான் அவர் தலை வெட்டுண்டது. அவர் ரத்தம் விழுந்த மண்ணில் மண்டியிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல், நன்றி மட்டும் சொன்னேன். மாமியார் தம் முழங்காலில் மண்ணைப் பூசிக்கொண்டார். அப்பா, எத்தனை நன்மை செய்திருக்கிறீர், நான்தான் கணக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்!

கொஞ்சம் செம்மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தேன். திங்கட்கிழமை அவன் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நானே அதை வைத்தேன்.